மேற்குச் சுவரில் பத்தடிக் கண்ணாடிக் கதவு, வீடு முழுக்க ஜன்னல் மாற்றம்: யோசனை வேண்டும்

வேப்பமரத்தடி:
வணக்கம் எல்லாருக்கும். சென்னை கொட்டிவாக்கத்தில் எங்கள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும், தொண்ணூறுகளில் மாமனார் கட்டியது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் எல்லாம் தேக்கு நிலை, மரச் சட்டத்தில் கண்ணாடி, நடுவில் இரும்புக் கம்பி. மழைக்காலத்தில் பாதி ஜன்னல் உப்பிக்கொண்டு மூடாது, மீதி பாதி மூடினால் திறக்காது. கம்பி எல்லாம் உப்புக் காற்றில் துருவேறிப் பட்டை பட்டையாக உதிர்கிறது.

ஹாலின் பின்பக்கம் மேற்கு பார்த்தது, அங்கே ஒரு சின்னத் தோட்டமும் பெரிய வேப்பமரமும் இருக்கின்றன. அந்தச் சுவரில் இப்போது ஒரு மூன்றரை அடிக் கதவு, ஒன்றரை அடிச் சுவர், அதை ஒட்டி ஐந்தடி அகல ஜன்னல். இதையெல்லாம் எடுத்துவிட்டுப் பத்தடி அகலம் ஏழடி உயரத்துக்கு ஒரே ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போட்டால் ஹாலும் தோட்டமும் ஒன்றாகத் தெரியும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மற்ற ஒன்பது ஜன்னல்களையும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங்காக மாற்றி எல்லாவற்றிலும் இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார் அளவெடுக்க வந்தவர். வெயில் உள்ளே வராது, ஏசி செலவு குறையும் என்கிறார். வேப்பமரக் கிளையையும் வெட்டச் சொல்கிறார், இலை விழுந்து கதவு ஓடும் தண்டவாளம் அடைக்குமாம். செலவு பெரிது, ஒருமுறை செய்தால் இருபது வருஷத்துக்கு மாற்ற முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
நாங்கள் வேளச்சேரி அடுக்ககத்தில் இருக்கிறோம், பால்கனிக்கு யுபிவிசி ஸ்லைடிங்தான். நல்ல மாற்றம், தயங்காமல் செய்யுங்கள். தூசி குறைந்தது, ரோட்டுச் சத்தம் ஓரளவு குறைந்தது, கொசுவலை அதிலேயே மூன்றாவது தண்டவாளத்தில் ஓடுகிறது. திறந்து வைத்தாலும் கதவு இடத்தை அடைக்காது என்பது சின்ன ஹாலுக்குப் பெரிய சௌகரியம்.

கோட்டுப்படம்:
அம்மா, கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்பதை அப்புறம் பேசலாம். உங்கள் வீட்டுக்கு முதலில் காற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கொட்டிவாக்கத்தில் கோடைகாலத்தில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். அது கிழக்கு ஜன்னலில் நுழைகிறது என்றால் எங்கேயாவது வெளியே போக வேண்டும், போக வழி இல்லாவிட்டால் உள்ளேயும் வராது. உங்கள் வீட்டில் அது வெளியேறும் வாசல் இந்த மேற்குச் சுவர்தான். அங்கே ஸ்லைடிங் போட்டால், பத்தடி கதவில் எப்போதும் ஐந்தடிதான் திறக்கும். 70 சதுர அடிக் கண்ணாடிக்குக் காசு கொடுக்கிறீர்கள், காற்றுக்குக் கிடைப்பது 35. ஜன்னலும் அப்படித்தான்.

எரிசக்தித் திறன் செயலகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில், வீட்டின் கார்பெட் ஏரியாவில் (வெளிச்சுவர் நீங்கலாக உள்ளே இருக்கும் தரைப்பரப்பு) குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும், அதாவது ஆறில் ஒரு பங்கு. கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலுக்கு 90 சதவீதம், இரண்டு பலகை ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பழைய வீட்டுக்கு இது கட்டாயம் இல்லை, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீடு எத்தனை சதுர அடி, ஜன்னல் என்ன அளவு?

வேப்பமரத்தடி:
இரண்டு தளமும் சேர்த்துக் கார்பெட் ஏரியா சுமார் 1200 சார். ஒன்பது ஜன்னலும் ஏறக்குறைய ஒரே அளவு, நாலடி அகலம், நாலரை அடி உயரம்.

கோட்டுப்படம்:
அப்படியென்றால் 200 சதுர அடி திறக்க வேண்டும். ஒன்பது ஜன்னல் சேர்ந்து 162. எல்லாம் ஸ்லைடிங் என்றால் 81, அதோடு கதவில் 35, மொத்தம் 116. பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதே ஜன்னல்களைக் கீல் வைத்ததாகப் போட்டால் அவை மட்டுமே 146 ஆகிவிடும். இப்போதிருக்கும் உங்கள் தேக்கு ஜன்னல்கள் முழுதாகத் திறக்கக்கூடியவை. மாமனார் காலத்துக் கொத்தனார் இந்தக் கணக்கு எதுவும் போட்டிருக்க மாட்டார், ஆனால் சரியாகச் செய்திருக்கிறார். ஆசையாகச் செலவு செய்து அந்தக் காற்றைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டாம்.

வெயில் விஷயம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன் மேல் விழும் வெயில் வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். நிறமோ பூச்சோ இல்லாத இரட்டைக் கண்ணாடி 70 சதவீதம் விடும். மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் 70 சதுர அடி, அதாவது ஆறரை சதுர மீட்டர் கதவு வழியாக ஒற்றைக் கண்ணாடியில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் வரும், இரட்டையில் 2.7. ஒரு டன் ஏசி வெளியேற்றுவதே மூன்றரை கிலோவாட்தான். அதாவது அந்தக் கதவுக்காக மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி ஓட வேண்டும், இரட்டைக் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும். வெயில் கண்ணாடியில் பட்ட பிறகு அதைத் தடுப்பது கஷ்டம், படுவதற்கு முன்னால் வெளியிலேயே நிறுத்த வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்யும் மரம் நிற்கிறது, அதைப் போய் வெட்டச் சொல்கிறார்களே!

ஸ்கார்பரோவாசி:
நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யன்னல், பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவு எல்லாம் இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கன் வாயு, உள்ளே லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும் மெல்லிய பூச்சு. வெளியே மைனஸ் இருபது, உள்ளே பிளஸ் இருபது என்று நாற்பது பாகை வித்தியாசம் வரும்போது அது இல்லாமல் இருக்கவே ஏலாது. சென்னையில் வெளியே 36, உள்ளே ஏசி போட்டு 26 என்றால் பத்துப் பாகைதான் வித்தியாசம். கண்ணாடி வழியாகக் கடத்தப்படும் வெப்பம் எங்களுக்குப் பெரிய விஷயம், உங்களுக்கு நேரடி வெயில்தான் பெரிய விஷயம். இன்னொன்றும் பார்க்க வேண்டும், குளிர்நாட்டில் விற்கும் லோ-ஈ வகைகளில் சில வெயிலை வேண்டுமென்றே உள்ளே விடும், வீடு சூடாக இருக்கட்டும் என்று. அந்த வகை உங்கள் மேற்குச் சுவருக்கு ஆகவே ஆகாது. விற்பவரிடம் எஸ்எச்ஜிசி, அதாவது விழும் வெயில் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள், 0.3 அளவில் இருந்தால் நல்லது.

நொய்யல்கரை:
கோயம்புத்தூரிலிருந்து. எங்களுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பாருங்கள், ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிற அறையில் அந்த மாதங்களில் விசில் சத்தம்தான். காரணம், ஸ்லைடிங்கில் பலகை நகர வேண்டும் என்பதால் இடைவெளியை ஒரு பிரஷ் மாதிரி நாரால்தான் அடைக்கிறார்கள். கீல் வைத்த ஜன்னலில் ரப்பர் கேஸ்கெட் சுற்றி இருக்கும், கைப்பிடியைத் திருப்பினால் பலகை அதன் மேல் அழுந்தி உட்காரும். காற்று, தூசி, சத்தம், மழை நாலுக்கும் அதுதான் மேல். எங்கள் மாடியில் இரண்டு வகையும் இருக்கின்றன, வித்தியாசம் காதிலேயே தெரியும்.

மூன்றாம்மாடி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் இடத்துக்கு ஸ்லைடிங் சரிதான். அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னலைத் துடைக்கவே முடியாது.

மூன்றாம்மாடி:
கோபம் எல்லாம் இல்லை அக்கா. துடைப்பதற்கு மட்டும் இல்லை, எங்கள் சங்கத்தில் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி, வெளியே நீளும் எதையும் விட மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், கீல் வைத்த ஜன்னல் என்றால் கொசுவலை எங்கே போவது? கம்பி எங்கே போவது? சென்னையில் வலை இல்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறக்கவே முடியாதே. திறக்க முடியாவிட்டால் 90 சதவீதம் என்ற கணக்கே வீண்தானே.

தச்சுப்பட்டறை:
இந்தக் கேள்வி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்துக்கே இதுதான் தொழில், அப்பா மரம், நான் இப்போது மரமும் யுபிவிசியும் இரண்டும்.

வரிசை இப்படி வைக்க வேண்டும்: ஜன்னல் பலகை வெளியே திறக்கும், நடுவில் கம்பி, உள்பக்கம் வலை. வலைக்கு உள்ளே திறக்கும் தனிச் சட்டம் போடலாம், அல்லது மடிப்பு மடிப்பாகப் பக்கவாட்டில் ஒதுங்கும் வலை போடலாம். கம்பிக்குள் கைவிட்டுத்தான் ஜன்னலைத் திறந்து மூட வேண்டியிருக்கும் என்பதால், கைப்பிடி வரும் இடத்தில் கம்பி இடைவெளியை முன்கூட்டியே பார்த்து வெல்டருக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். இதை யாரும் யோசிக்காமல் விட்டுவிட்டுக் கடைசியில் கம்பியை அறுக்கச் சொல்வார்கள்.

கடல் பக்கத்துக்கு இரும்புச் சாமான்தான் எமன். ஜன்னல் சட்டம் பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கீல், ஃப்ரிக்ஷன் ஸ்டே (திறந்த பலகையைப் பிடித்து நிறுத்தும் கை), உருளை, ஸ்க்ரூ இதெல்லாம் உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னால் போதாது, 304ஆ 316ஆ என்று கேளுங்கள். 316இல் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்புக்கு அதுதான் தாங்கும். உங்கள் ஊருக்கு வெளியே தெரிகிற ஸ்க்ரூ உட்பட 316 கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஸ்லைடிங் கதவில் முதலில் சாகிறது உருளையின் பேரிங்தான், அது கீழே தண்டவாளத்தில் உப்பும் மணலும் ஈரமும் இருக்கிற இடத்திலேயே ஓடுகிறது.

எடையையும் பாருங்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் இரண்டரை கிலோ. ஐந்தடிக்கு ஏழடி ஒரு பலகையில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 40 கிலோ வரும், இரட்டை என்றால் 80. சாதாரண உருளையில் அதை உட்கார வைத்தால் முதல் வருஷம் விரலால் தள்ளலாம், பிறகு வீட்டுப் பெரியவர்களால் திறக்க முடியாது.

வேப்பமரத்தடி:
மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அந்த வழியாகத்தான் போவார். எடை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது அகலமான வாசல் என்ற ஆசையையே விட்டுவிட வேண்டுமா?

கோட்டுப்படம்:
விட வேண்டாம். ஆனால் சுவரை இடிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். உங்கள் வீடு பில்லர் போட்டதா, அல்லது ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே மாடியைத் தாங்குகிறதா? அந்தக் காலத்து வீடுகளில் பல, சுவர் தாங்குபவைதான்.

வேப்பமரத்தடி:
பில்லர் இல்லை, சுவர்தான் என்று மாமனார் சொல்கிறார். லிண்டல், அதாவது ஜன்னல் கதவுகளுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை, வீடு முழுக்கச் சுற்றி ஓடுகிறதாம், அதனால் நடுவில் உள்ள ஒன்றரை அடிச் சுவரை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று அளவெடுக்க வந்தவர் சொன்னார்.

கோட்டுப்படம்:
தயவுசெய்து அதை எடுக்க விடாதீர்கள். லிண்டல் ஓடுகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கம்பிக்கட்டு ஐந்தடி வாசலைத் தாண்டுவதற்குப் போட்டது. நடுச் சுவரை எடுத்தால் அதே லிண்டல் பத்தடியைத் தாண்ட வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வளைவு விசை நாலு மடங்காகும். மேலே மாடிச் சுவரும் தளமும் இருக்கின்றன. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்து, புது பீம் போட்டு, அந்த முட்டுகளை இரண்டு வாரமாவது எடுக்காமல் வைக்க வேண்டும். ஆறு மீட்டர் வரையிலான பீமுக்குக் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இல் 14 நாள் என்று இருக்கிறது. ஜன்னல் கடைக்காரர் சொல்லி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நடுச் சுவர் அப்படியே நிற்கட்டும். ஐந்தடி ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கட்டைச் சுவர் எதையும் தாங்கவில்லை, அதை மட்டும் தரைவரை வெட்டி எடுங்கள். லிண்டலைத் தொட வேண்டாம். அந்த ஐந்தடியில் இரண்டு பலகைக் கதவு, நடுவில் பிரிந்து வெளிப்பக்கம் முழுதாகத் திறப்பது மாதிரி. பக்கத்தில் இருக்கும் மூன்றரை அடிக் கதவும் அதே மாதிரிக் கண்ணாடிக் கதவு. எட்டரை அடி அகலம், ஏழடி உயரம், கிட்டத்தட்ட 60 சதுர அடி, அதில் 53 திறக்கும். ஜன்னல் 146ஐயும் சேர்த்தால் 199. உங்கள் 200 வந்துவிட்டது. தோட்டமும் தெரியும், இரட்டைக் கதவில் ஒவ்வொரு பலகையும் இரண்டரை அடிதான் என்பதால் மாமியார் ஒரு கையால் திறக்கலாம், இடிக்கும் செலவிலும் பெரும்பகுதி மிச்சம்.

மிச்சமாகும் பணத்தில் வெளியே ஏழடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் இறக்குங்கள். இரண்டடி சன்ஷேட் உச்சி வெயிலுக்கு உதவும், மாலை வெயில் தாழ்ந்து நேராக வருவதை அது தடுக்காது. தாழ்வாரம் கதவின் மேல்பாதிக்கு நிழல் தரும், கீழ்ப்பாதிக்கு அதன் விளிம்பில் மூங்கில் தட்டி தொங்கவிட்டு மூன்று மணிக்கு இறக்கிவிடலாம். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும் சமயம் மட்டும்தான் மரத்தின் நிழல் குறையும், சித்திரைக்குள் புது இலை வந்துவிடும். மரத்தை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அதற்கு ஈடாக எந்தக் கண்ணாடியும் கிடையாது.

நொய்யல்கரை:
இந்த யோசனை எனக்கே பிடித்திருக்கிறது, எங்கள் பின்கட்டுக்கும் செய்யலாம் போலிருக்கிறது. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் காற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே அடியில் கீல் பிய்ந்துவிடும். சுவரில் கொக்கி போட்டுவிடுங்கள். கண்ணாடி டஃபன்டா, லேமினேட்டடா?

தச்சுப்பட்டறை:
தரைவரை வரும் கதவுக்குச் சாதாரணக் கண்ணாடி கூடவே கூடாது. டஃபன்டு உடைந்தால் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டும், பெரும்பாலும் ஆழமாக வெட்டாது, ஆனால் வாசல் திறந்த வாசல் ஆகிவிடும். லேமினேட்டடு உடைந்தாலும் நடுவில் உள்ள பிலிம் பிடித்துக்கொள்ளும், திருடன் உள்ளே வர நேரமாகும், சத்தமும் நன்றாகக் குறையும். தோட்டத்துப் பக்கம் தரைத்தளம் என்பதால் என் விருப்பம் லேமினேட்டடு, அதிலும் வெயில் தடுக்கும் வகை கிடைக்கிறது. கதவில் ஒரே பூட்டு இல்லாமல் மேலே, கீழே, நடுவே மூன்று இடத்தில் மாட்டும் பூட்டாகக் கேளுங்கள். ஜன்னலுக்கு 5 மில்லிமீட்டர் டஃபன்டு போதும். எப்போதும் ஏசி ஓடுகிற படுக்கையறை இருந்தால் அங்கே மட்டும் இரட்டைக் கண்ணாடி போடலாம், எல்லா அறைக்கும் தேவையில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. யுபிவிசி வெயிலில் நன்றாக நீளும், ஏழடிச் சட்டம் முப்பது டிகிரி ஏற்றத்துக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் விட்டு, ஃபோம் அடித்து, வெளியே சிலிக்கான் பூச வேண்டும். சிமென்ட் வைத்து இறுக்கினால் சட்டம் வில்லாக வளையும், அப்புறம் பூட்டு சேராது. அதே காரணத்தால் மேற்குப் பக்கம் கறுப்பு, அடர் பழுப்பு நிறம் வேண்டாம், வெள்ளை போடுங்கள். சட்டத்துக்குள் இரும்புக் குழாய் இருக்கிறதா என்று ஒரு நல்ல காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இருக்கிறது. மாதிரித் துண்டில் காட்டுவார்கள், உங்கள் வீட்டுக்கு வருவதில் இருக்காது, அதனால் இறக்கும் அன்றைக்கே பாருங்கள். சிலிக்கான் காடி வாடை அடித்தால் அது அமில வகை, உலோகத்தை அரிக்கும், நியூட்ரல் வகை கேளுங்கள்.

மூன்றாம்மாடி:
மழைத் தண்ணீர் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் கட்டடத்தில் பல வீட்டில் பால்கனிக் கதவு வழியாகத்தான் தண்ணீர் வந்தது. கதவு உடையவில்லை. தண்டவாளத்தின் கீழே தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளைப் பெயின்ட் வேலையின்போது அடைத்துவிட்டிருந்தார்கள். பால்கனித் தரையும் ஹால் தரையும் ஒரே மட்டம் வேறு. வேப்பமரத்தடி, வெளித்தளம் ஹாலைவிட இரண்டு மூன்று அங்குலமாவது தாழ்ந்து, தோட்டம் பக்கம் சரிந்து இருக்கட்டும்.

கோட்டுப்படம்:
மிகச் சரி. உங்கள் வீட்டில் சாய்மழை வடகிழக்கிலிருந்துதான் அதிகம் அடிக்கும், ஆக கிழக்கு ஜன்னல்களுக்குத்தான் அதிகக் கவனம். சென்னைக்குக் கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஜன்னல் அடிக்கட்டைக் கல் வெளியே சரிந்து, அடிப்பக்கம் ஒரு கோடு வெட்டியிருக்க வேண்டும், தண்ணீர் சுவரோடு ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். சட்டத்தின் அடிப்பாகத்தில் ஸ்க்ரூவுக்குத் துளை போட விடாதீர்கள், பக்கவாட்டில் பிடித்தால் போதும். வேலையைப் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பியுங்கள், ஐப்பசியில் சுவரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

வேப்பமரத்தடி:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டினேன். ஸ்லைடிங் வேண்டாம், ஐந்தடியில் இரட்டைக் கதவு, பக்கத்தில் கண்ணாடிக் கதவு, ஜன்னல் எல்லாம் கீல் வைத்தது, படுக்கையறை இரண்டில் மட்டும் இரட்டைக் கண்ணாடி என்று முடிவு செய்திருக்கிறோம். தாழ்வாரமும் உண்டு. மரம் இருக்கும். இன்னொரு கேள்வி, பழைய தேக்கு நிலைகளை என்ன செய்வது? எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

தச்சுப்பட்டறை:
எடைக்குக் கொடுக்காதீர்கள் அக்கா. முப்பது வருஷம் காய்ந்த தேக்கு இனி அதிகம் சுருங்காது, உப்பாது, அப்படி மரம் இன்று கடையில் சுலபமாகக் கிடைக்காது. கரையான் இருக்கிறதா என்று அடிப்பக்கம் உளியால் தட்டிப் பாருங்கள், வைரம் ஏறாத வெள்ளைப் பகுதியைத்தான் அது முதலில் தின்னும், அதை மட்டும் வெட்டிவிடலாம். உங்கள் ஜன்னல் உப்புவதாகச் சொன்னீர்களே, பெரும்பாலும் நிலை நன்றாக இருக்கும், பலகைச் சட்டத்தில்தான் வேறு மரம் கலந்திருப்பார்கள். பிரித்துப் பாருங்கள்.

நிலைகளை உடைத்து எடுக்க விடாமல், சுற்றியுள்ள பூச்சைக் கிரைண்டரில் கோடு போட்டு வெட்டி, முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றுகிற ஆள் கடப்பாரையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். ஒன்பது ஜன்னல் நிலையிலும் கதவு நிலையிலும் வரும் மரத்தில் அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரு நீளமான பெஞ்சும், கொசுவலைச் சட்டங்களில் கொஞ்சமும் செய்யலாம். பித்தளைத் தாழ்ப்பாளும் கீலும் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், புளி போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். கழற்றும் முன் படம் எடுத்து இங்கே போடுங்கள், எது எதற்கு ஆகும் என்று சொல்கிறேன்.